உருவமில்லாத கடவுளை நம்புகிறவர் ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கொடுக்கணுமா?

கேள்வி: மேற்குவெளி

வணக்கம். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். பங்குனியில் முத்தாலம்மன் பொங்கல். தலைக்கட்டுக்கு 2,500 ரூபாய் வரி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருக்கு. பணம் பிரச்சினை இல்லை.

நான் நாத்திகன் கிடையாது. ஆனால் கடவுள் என்று ஒன்று இருந்தால் அது உருவம், ஊர், சாதி, கிடா எதையும் கேட்காது என்பது என் எண்ணம். சாமியாடி முன்னால் கைகட்டி நிற்பதும் குறி கேட்பதும் மனசுக்கு ஒட்டவில்லை. வரி கொடுத்தால் இதையெல்லாம் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? கொடுக்காவிட்டால் ஊரில் இருக்கும் பெற்றோரை நல்லது கெட்டதுக்கு ஒதுக்கிவிடுவார்களோ என்ற யோசனையும் இருக்கு.

சட்டப்படி இந்த வரியைக் கட்டாயப்படுத்த முடியுமா? வரிக்குப் பதிலா வேறு ஏதாவது செய்கிறேன் என்று சொன்னால் ஏற்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

பதில் 1: கணக்குநோட்டு

தம்பி, முதலில் அந்த 2,500 எங்கே போகுதுன்னு பாருங்க. பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துடும்.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் ஒருவர், ஒரு வரி. ஒரே வீட்டில் அப்பாவும் கல்யாணமான இரண்டு மகன்களும் இருந்தால் மூன்று வரி. கல்யாணமாகாத பையனுக்குக் கிடையாது. கணவரை இழந்த பெண்ணுக்குப் பல ஊரில் அரை வரி, சில ஊரில் வரியே இல்லை. வெளியூரில் இருக்கிறவருக்கும் உண்டு, ஏனென்றால் வரி வீட்டுக்கு இல்லை, ஆளுக்கு.

240 தலைக்கட்டு உள்ள ஊரென்று வைத்துக்கொள்ளுங்க. 2,500 வீதம் 6,00,000. ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் இப்படி வரும். பந்தல், சீரியல் செட், மைக், ஜெனரேட்டர் 1,40,000. மேளம், கரகம், வாணவேடிக்கை 1,10,000. ஒரு ராத்திரி நாடகம், மேடையோடு 1,20,000. அன்னதானம் 1,30,000. பூசைச் சாமான், பூசாரி, சிலை செய்கிற வேளார், ஊர்ப்பொதுக் கிடா எல்லாம் சேர்ந்து 60,000. வெள்ளையடிப்பும் கையிருப்பும் 40,000. ஆக சாமி காரியம் என்று போவது பத்தில் ஒரு பங்கு. உங்க 2,500-இல் 250. மிச்சமெல்லாம் ஊர் கூடி உட்காருவதற்கான செலவு.

கிடா உறுத்துது என்றால், அதிலும் பெரும்பகுதி வரிப்பணமே கிடையாது. கோயில் முன்னால் நாற்பது கிடா வெட்டினால் முப்பத்தெட்டு அவரவர் நேர்த்திக்கடன், அவரவர் காசு. ஊர்ப்பொதுக் கிடா ஒன்றோ இரண்டோதான்.

அடுத்தது, பதிலுக்கு வேறு செய்வது. அதுக்குப் பேர் உபயம். தண்ணீர்ப்பந்தல், ஒரு நாள் மின்விளக்கு, ஒரு வேளைச் சாப்பாடு, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வரிக்குப் பதில் உபயம் என்று பேச்சை ஆரம்பித்தால் கூட்டத்தில் எடுபடாது. காரணம் பிடிவாதம் இல்லை. வரியில் ரைஸ்மில் வைத்திருப்பவரும் 2,500, நூறுநாள் வேலைக்குப் போகிறவரும் 2,500. அந்தச் சமத்தில்தான் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிற உரிமை நிற்குது. உபயம் வசதிக்கு ஏற்றது. வசதியுள்ளவர் லட்ச ரூபாய் உபயம் செய்துவிட்டு வரியைத் தவிர்த்தால் அடுத்த வருஷம் ஊரே அவர் பேச்சைக் கேட்கும். அதனால்தான் வரி தனி, உபயம் தனி என்று வைத்திருக்கிறார்கள்.

மனசுக்கு ஒத்துப்போகிற காரியம் வேண்டுமென்றால் நீர்மோர்ப் பந்தலை எடுங்க. 500 பேருக்கு, ஆளுக்கு 200 மில்லி என்றால் 100 லிட்டர். தயிர் 20 லிட்டர், தண்ணீர் 80. உப்பு அரைக் கிலோவில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டணும். இஞ்சி அரைக் கிலோ, பச்சைமிளகாய் கால் கிலோ, கறிவேப்பிலை, மல்லித்தழை, பெருங்காயம். மொத்தத்தையும் காலையிலேயே கலக்கி வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பங்குனி வெயிலில் பன்னிரண்டு மணிக்குள் புளித்துப் போய் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். தயிரை நிழலில் தனியாக வைத்து, 25 லிட்டர் வீதம் நாலு தடவையாகக் கலக்குங்க. கடையில் வாங்குகிற பெரிய ஐஸ் கட்டியை உள்ளே போடாதீங்க, அது குடிக்கிற தண்ணீரில் செய்ததாக இருக்காது. மண்பானையும் ஈரச்சாக்குமே போதும்.

---

பதில் 2: வழக்குக்கட்டு

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில்.

பலரும் அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவைச் சொல்வார்கள். குறிப்பிட்ட மதத்தை வளர்க்கச் செலவாகும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அது. அந்தப் பிரிவு அரசு விதிக்கும் வரியைப் பற்றியது. ஊர்க்கமிட்டியின் தலைக்கட்டு வரி அந்தக் கணக்கில் வராது, ஏனென்றால் சட்டத்தின் பார்வையில் அது வரியே இல்லை, நன்கொடை. கொடுக்கவில்லை என்பதற்காகக் குடிநீர்க் குழாயையோ, ரேஷனையோ, மயானப் பாதையையோ தடுக்க எவருக்கும் அதிகாரம் கிடையாது. 25-ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தைத் தனியாகவே சொல்கிறது. நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் அது பொருந்தும்.

ஊர்விலக்கம் நடந்தால் என்ன வழி? மகாராஷ்டிரத்தில் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக 2016-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. பாதிக்கப்படுபவர் பட்டியலினத்தவராகவும் செய்பவர் பிற சாதியினராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 2015 திருத்தத்தில் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. மற்றவர்களுக்கு மிரட்டல், அத்துமீறல் போன்ற பொதுக் குற்றப் பிரிவுகள்தான்.

நடைமுறை வரிசை இது. கமிட்டியிடம் பேச்சு. அது முறிந்தால் வட்டாட்சியருக்கு மனு. அவர் இரு தரப்பையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தி எழுத்தில் வாங்குவார். அதுவும் முறிந்தால் கோட்டாட்சியர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், கடைசியாக உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. முதல் மரியாதை, பரிவட்டம், யார் முதலில் தேங்காய் உடைப்பது போன்ற தகராறு என்றால் பாதை வேறு. 1959 இந்து சமய அறநிலையச் சட்டம், பிரிவு 63, இணை ஆணையர் விசாரிப்பார். பிரிவு 69-இல் ஆணையரிடம் மேல்முறையீடு, பிரிவு 70-இல் நீதிமன்ற வழக்கு. அது பொதுக்கோயிலா, பங்காளிகளின் குடும்பக்கோயிலா என்பதே சண்டையானால் அதையும் முதலில் பிரிவு 63-இல்தான் தீர்க்க வேண்டும்.

பெரும்பாலும் எங்கே கெடுகிறதென்றால், நாள் பார்க்காமல் மனு போடுவதில். காப்புக் கட்டி விழா தொடங்கிய பிறகு மனு போனால் காவல்துறைக்கு விசாரிக்க நேரம் இருக்காது. இரு தரப்பிலும் ஆட்களைக் கூப்பிட்டு அமைதி காப்பதற்கான பிணை எழுதி வாங்குவார்கள் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 107, இப்போது அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். 126), அல்லது தடையுத்தரவு போட்டுத் திருவிழாவையே நிறுத்திவிடுவார்கள் (பழைய 144, இப்போது 163). பூட்டிய கோயிலைத் திறக்கப் பல வருஷம் ஆன ஊர்கள் உண்டு. பழி மனுதாரர் மேல்தான் விழும். பேச வேண்டியதைச் சாட்டுதலுக்கு (திருவிழா அறிவிப்புக்கு) ஒரு மாதம் முன்பே பேசுங்கள்.

கிடா வெட்டு பற்றி ஒரு வரி: 1950-ஆம் வருஷ உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் கடுமையாக அமல்படுத்தினார்கள். 2004-இல் சட்டமே ரத்தானது. எனவே இன்று சட்டத் தடை இல்லை.

---

பதில் 3: கரம்பை

கணக்குநோட்டு அண்ணே, வரி சமம்னு அழகாச் சொல்லிட்டீங்க. யார்கிட்ட வரி வாங்குறதில்லைன்னும் சேர்த்துச் சொல்லணும்ல.

பல ஊரில் பட்டியலினக் குடும்பங்ககிட்ட வரி கேட்கவே மாட்டாங்க. மேலோட்டமாப் பார்த்தால் சலுகை. உள்ளே போய்ப் பார்த்தால் பூட்டு. வரி கொடுத்தவனுக்குத்தான் கூட்டத்தில் குரல், தேர் வடத்தில் கை, பொங்கல் வைக்க இடம். வாங்க மறுத்துட்டால் எல்லாம் அத்தோடு போச்சு. 'நாங்களும் வரி தர்றோம், வாங்கிக்கங்க'ன்னு போராடுறவங்க இருக்கும்போது 'நான் வரி தரணுமா'ன்னு கேட்கிறதே கொஞ்சம் வசதியான இடத்தில் இருந்து வர்ற கேள்விதான். தப்பா எடுத்துக்காதீங்க.

1939 ஜூலை 8-இல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கனும் அதுவரை உள்ளே விடப்படாத மற்றவர்களும் நுழைஞ்சாங்க. பெரிய கோயில் அன்னைக்குத் திறந்தது. ஊர்க்கோயில் அவ்வளவு சீக்கிரம் திறக்கலை. எழுமலை பக்கத்து உத்தப்புரத்தில் பட்டியலின மக்களைப் பிரிச்சு வச்ச குறுக்குச் சுவரில் ஒரு பகுதியை இடிச்சது 2008 மே மாசம். அங்கே முத்தாலம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் போனது 2011 நவம்பர். மீனாட்சி கோயிலுக்கும் அதுக்கும் நடுவில் 72 வருஷம். பெரிய கோயிலில் யாரும் யாரையும் கூட்டத்தில் அடையாளம் பார்க்க முடியாது. ஊர்க்கோயிலில் வரி நோட்டில் பேர் இருக்கு, இல்லாதவன் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். மதம் ஊரைக் கூட்டுதுன்னு சொல்றப்ப எந்த அளவு கோட்டுக்குள் கூட்டுதுன்னும் பார்க்கணும்.

இன்னொன்னு, தலைக்கட்டுக் கணக்கில் பெண் இல்லை. ஆனால் பொங்கலில் ஒன்பது நாள் நீடிக்கிற ஒரே வேலை முளைப்பாரி, அது முழுக்கப் பெண்கள் கையில். கேள்வி கேட்டவர் வீட்டில் யாராவது எடுக்கிறதா இருந்தால் கூடமாட நின்னு பாருங்க. அதில் நம்பிக்கையைவிடக் கைப்பக்குவம் அதிகம்.

தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, சோளம், கம்பு எதுவானாலும் முதலில் பத்து விதையை ஈரத்துணியில் முடிஞ்சு ரெண்டு நாள் வைங்க. எட்டு விதையாவது முளைக்கலைன்னா அந்தத் தானியம் வேண்டாம். மருந்து கலந்த விதைக்கடைப் பாக்கெட்டும் வேண்டாம். பயறை ராத்திரி ஊறவச்சுக் காலையில் வடிக்கணும், கம்பு மாதிரிச் சிறுதானியத்தைத் தனியா ஊறவைக்கணும். அடியில் ஓட்டை உள்ள சட்டியில் கொஞ்சம் வைக்கோல், அதுக்கு மேல் நல்லாக் காய்ஞ்சு சலிச்ச மாட்டு எருவும் கண்மாய்க் கரம்பை மண்ணும், மேலே தானியத்தை நெருக்கமாத் தூவி விரல் கனத்துக்கு எருவால் மூடணும். இருட்டு அறை. காலையும் சாயங்காலமும் தெளிப்பு மட்டும்.

தண்ணி கூடினால் அடி அழுகி மூணாம் நாளே வாடை வரும், வெள்ளைப் பூசணம் பிடிக்கும். வெளிச்சம் பட்டால் பச்சையாகிக் கட்டையா நின்னுடும். இருட்டில்தான் வெளிர் மஞ்சளா ஒரு சாணுக்கு மேல் ஓடும். தூவுனது நெருக்கமில்லாமல் இருந்தால் தண்டு சாயும், அப்போ தென்னை ஈர்க்கை வட்டமாக் குத்தி நூல் சுத்தணும். முளைப்பாரி நல்லா வந்தால் ஊர் செழிக்கும்னு சொல்றாங்க. விதைப்புக்கு முந்தி அவரவர் வீட்டுத் தானியம் முளைக்குமான்னு ஊரே சேர்ந்து பார்த்துடுது, அதுவும் அதில் இருக்கு. ஆனா ஒருத்தர் சட்டி மட்டும் கருகிட்டால் அந்த வீட்டுப் பொம்பளையைக் குறை சொல்றதும் நடக்குது. தண்ணி கூடுனதுன்னு சொல்ல ஒரு வாய் கிடையாது.

---

பதில் 4: மாசிவீதி

கரம்பை சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேட்டவர் மனதில் உள்ள முடிச்சு வேறு: என் கடவுள் உருவமற்றது, ஊர்ச்சாமி உருவமுள்ளது, இரண்டும் மோதுமே என்று.

இந்தப் பக்கத்துக் குலதெய்வங்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உசிலம்பட்டி வட்டாரத்தில் மாசி சிவராத்திரிக்குத் தலையில் சுமந்து போவது ஒரு பெட்டி. உள்ளே சாமியின் ஆடையும் பூசைப் பொருளும். வேறு இடங்களில் ஒரு பீடம், நட்ட அரிவாள், ஒரு மரம். அய்யனாருக்குப் புரவி (மண்குதிரை) எடுப்பதானால் பிடிமண் கொடுத்து வேளாரைக் கண்மாய் மண்ணில் செய்யச் சொல்வார்கள். அடுத்த எடுப்பு வருவதற்குள் பழைய குதிரை மழையில் கரைந்து உடைந்து கிடக்கும், அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. முத்தாலம்மன் சிலையும் பல ஊரில் அப்படித்தான். மண்ணில் செய்து, கண் திறந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்து, கொண்டுபோய் உடைத்துவிடுவார்கள் அல்லது கரைத்துவிடுவார்கள். உருவத்தை இவ்வளவு லேசாக வைத்திருக்கிற வழிபாடு உங்கள் எண்ணத்தோடு ஏன் மோத வேண்டும்?

இங்கே யாரும் விசுவாசப் பிரமாணம் சொல்லச் சொல்வதில்லை. கடவுள் பற்றி என்ன நினைக்கிறாய் என்று எந்தக் கமிட்டியும் கேட்காது. வந்தாயா, வரி கொடுத்தாயா, அவ்வளவுதான். திருப்புவனம் பக்கத்தில் முதுவன்திடல் என்ற ஊரில் இந்துக்களே மொகரத்துக்குப் பாத்திமா நாச்சியாருக்காகப் பூக்குழி இறங்குகிறார்கள். அவர்கள் இஸ்லாமியக் கொள்கையை ஏற்றவர்கள் இல்லை. முன்னோர் வைத்த நேர்த்தி, அதை விடாமல் செய்கிறார்கள்.

மதம் சமூகத்துக்காக எப்படி வளைகிறது என்பதற்கு மதுரையைவிட நல்ல சாட்சி வேண்டாம். மீனாட்சி கல்யாணமும் தேரும் ஒரு காலத்தில் மாசியில் நடந்தவை. தேர் ஓடும் தெருக்களுக்கு இன்றும் மாசி வீதி என்றுதான் பெயர். திருமலை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில், அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார்கள். தேனூரில் நடந்த இறக்கம் மதுரைக்கு வந்தது. சைவக் கூட்டமும் வைணவக் கூட்டமும், நகரமும் நாட்டுப்புறமும் ஒரே சந்தையில் கூடின. தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் வந்து தாமதமாகிக் கோபித்துக்கொண்டு திரும்பும் கதை அதன் மேல் படர்ந்தது. கோயில் சடங்கின்படி அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க. மக்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

குறி கேட்பது ஒட்டவில்லை என்கிறீர்கள். நியாயம்தான். சாமியாடி வாயில் வருவது பாதி நேரம் ஊர்ப்பெரியவர் மனதில் இருப்பதுதான். ஆனால் பூக்கட்டிப் பார்ப்பதைக் குறியோடு சேர்க்காதீர்கள். திருவிழா இந்த வருஷம் வைக்கலாமா, இரண்டு பங்காளியில் யார் பெட்டி தூக்குவது என்று முடிவெடுக்க முடியாதபோது செய்வது அது. ஒரே அளவில் இரண்டு வெற்றிலை. ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. ஒரே நூலில் ஒரே மாதிரிக் கட்டிச் சாமி முன் போட்டு, விவரம் தெரியாத சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வது. எந்தப் பூவுக்கு எந்த முடிவு என்பதைக் கட்டுவதற்கு முன்பே எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். மல்லிகை வைத்தால் வாசமே காட்டிக்கொடுக்கும், அதனால் வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி. இரண்டும் ஈரமாக இருக்க வேண்டும் அல்லது இரண்டும் உலர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கனம் மாறும். கட்டியவர் போடக் கூடாது, போட்டவர் குழந்தைக்கு எதிரே நிற்கக் கூடாது. இதில் ஒன்றை மீறினாலும் தோற்ற தரப்பு ஏற்காது, சண்டை முன்பைவிடப் பெரிதாகும்.

ஒழுங்காகச் செய்தால் தோற்றவர் 'அம்மா உத்தரவு' என்று சொல்லித் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். எதிராளியிடம் தோற்றதாக ஆகாது. இந்த வசதியை எந்த வாக்கெடுப்பும் தராது. அதற்குக் கடவுள் உருவத்தோடு இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை.

---

மேற்குவெளி (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. கரம்பை சொன்னது உறைக்குது. எங்க ஊர் வரி நோட்டில் காலனித் தெருப் பேர் இருக்கான்னு பார்க்கணும். வரி கொடுக்கிறதா முடிவு பண்ணிட்டேன். கொடுக்கும்போது பூசைக்கு வேண்டாம், சாப்பாட்டுக்கு வைங்கன்னு சொல்லலாமா?

---

கணக்குநோட்டு

சொல்லாதீங்க தம்பி. வரியில் நிபந்தனை வைத்தால் நாளைக்கு இன்னொருத்தர் 'என் பணத்தில் காலனிக்காரங்களுக்குச் சாப்பாடு போடாதே'ன்னு நிபந்தனை வைப்பார். நிபந்தனையை உபயத்தில் வைத்துக்கோங்க.

நோட்டில் பேர் விட்டுப்போயிருந்தால் அதைக் கேட்க உங்களுக்கு வரி ரசீது கையில் இருக்கணும். கேட்க வேண்டிய இடம் சாட்டுதலுக்கு முந்தைய கூட்டம், அது எத்தனை பேருக்கு வரி என்று தீர்மானிக்கிற கூட்டம். தனியா எழுந்து கேட்டால் வாயை அடைச்சுடுவாங்க. முன்கூட்டியே நாலஞ்சு தலைக்கட்டைப் பேசி வைங்க. அதில் ஒருத்தராவது வயசில் மூத்தவரா இருக்கணும். அதுக்கும் முன்னாடி காலனித் தெருவில் போய் அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்க. நீங்களா அவங்க சார்பில் பேசிட்டு ராத்திரி பஸ் ஏறிட்டால் மறுநாள் திட்டு வாங்குறது அவங்கதான்.

ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீங்க. புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்கணும், அடிக்கட்டையில் அதே தொகை எழுதணும். வங்கிக் கணக்கு இருந்தால் இரண்டு பேர் கையெழுத்தில் எடுக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க. மறுபூசைக்கு மறுநாளே வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டச் சொல்லுங்க. ஒரு வாரம் தள்ளிப்போனால் பந்தல்காரர் பாக்கி, மைக்காரர் பாக்கி என்று கையிருப்பு கரைந்துடும்.

---

கரம்பை

பலகையில் ஒட்டுறப்ப உபயக்காரங்க பேரை மட்டும் பெரிசாப் போடாமல் வரி கொடுத்தவங்க பேர் மொத்தத்தையும் தெரு வாரியாப் போடச் சொல்லுங்க. எந்தத் தெரு இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுடும்.